ஜி7 கட்டத்து பிஷப்

சதுரங்கத்தில் கிங்ஸ் இந்தியன் தற்காப்பு ஆடும் கறுப்புக்காரர் பலகையின் நடுப்பகுதியை முதலில் எதிராளிக்கே விட்டுவிடுகிறார். குதிரை எஃப்6, சிப்பாய் ஜி6, பிஷப் ஜி7, பிறகு காஸ்லிங். வெள்ளைச் சிப்பாய்கள் ஏறி வரட்டும். ஏ1 வரை நீளும் மூலைவிட்டத்தைப் பார்த்தபடி பிஷப் காத்திருக்கும். 1850-களிலேயே கல்கத்தாவில் காக்ரேன் என்ற ஆட்டக்காரருக்கு எதிராக மகேஷ் சந்திர பானர்ஜி இந்தப் பாணியில் ஆடியிருக்கிறார். இந்தப் பொறுமை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதன் முழு அழகு 1960 லைப்சிக் சதுரங்க ஒலிம்பியாடில் தெரிந்தது. வெள்ளைக் காய்களுடன் ஆடிய லெட்டெலியர் ஐந்தாவது நகர்த்தலிலேயே சிப்பாயை ஈ5-க்குத் தள்ள, 17 வயது ஃபிஷர் குதிரையை ஈ8-க்குப் பின்வாங்கினார். பிறகு அந்தச் சிப்பாய் அணியை டி6, சி5 என்று உடைத்தார். வெள்ளை ராஜாவுக்குக் கடைசிவரை காஸ்லிங் கிடைக்கவில்லை. 23-ஆவது நகர்த்தலில் கறுப்பு ராணி எஃப்4 சிப்பாயை வெட்டி செக் வைத்தது. ராஜா ராணியை வெட்டினால், அதுவரை ஜி7-ஐ விட்டு அசையாத பிஷப் எச்6-க்கு வந்து மேட்! லெட்டெலியர் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த பிஷப்பை லேசில் மாற்றிக்கொள்ளக் கூடாது. வெள்ளை பிஷப் எச்6-க்கு வந்து வெட்டுக்கு அழைக்கும். யானையை முன்பே ஈ8-க்கு நகர்த்தியிருந்தால், நம்முடையது எச்8 மூலைக்கு ஒதுங்கிக்கொள்ளும். மூலைவிட்டமும் கைவிட்டுப் போகாது.