பேய் பல் துலக்குமா?

கைவிடப்பட்ட கட்டடத்தின் படத்தைக் காட்டி எழுதச் சொன்னால் மாணவர்கள் என்ன எழுதுவார்கள்? பேய்க்கதைதான். என் படிவம் நான்கு மாணவர்களும் அப்படியே. அவர்களைக் குறை சொல்லக்கூடாது. பெரும்பாலான படங்கள் அதற்காகவே எடுக்கப்படுகின்றன.

கிறிஸ்டோபர் பெய்னின் ‘அசைலம்’ (2009) நூல் கொஞ்சம் வேறு. கட்டடக்கலை படித்த இவர், அமெரிக்காவின் 30 மாநிலங்களில் 70 அரசு மனநல மருத்துவமனைகளுக்குப் போய்ப் படமெடுத்தார். நீண்ட நடைக்கூடம், உரிந்து தொங்கும் சாயம், ஜன்னல் வெளிச்சம். அழகாத்தான் இருக்கு. எனக்கு உறுத்துவதும் அதுதான். அந்த அழகில், அங்கே வாழ்ந்தவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். ஆனால் ஒரு படத்தில் நோயாளிகளின் பல் துலக்கிகள் வரிசையாகத் தொங்குகின்றன. அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. பேய் பல் துலக்குமா, சொல்லுங்கள்?

ஜான் கிறிஸ்பின் இன்னும் நெருங்கிப் போகிறார். நியூயார்க் மாநிலத்தின் வில்லர்ட் மனநல மருத்துவமனை 1995இல் மூடப்பட்டபோது, பரணில் நோயாளிகளின் பெட்டிகள் 400க்கும் மேல் கிடைத்தன. அவற்றை உள்ளிருந்த பொருள்களோடு படமெடுத்தார். உரியவர்களின் முழுப்பெயரை வெளியிட மட்டும் மாநில அதிகாரிகள் சம்மதிக்கவில்லை, நோயாளியின் அந்தரங்கமாம். பெட்டியை ஊரே பார்க்கலாம், பெயரைச் சொல்லக்கூடாது. என்ன நியாயமோ!

போன வாரம் பல் துலக்கிப் படத்தை மட்டும் காட்டி, அங்கிருந்த ஒருவரின் காலைப்பொழுதை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், இவங்களுக்கு நாமளே பேர் வைக்கலாமா?”

உடனே பதில் சொல்ல முடியவில்லை.