பேஜ்மேக்கருக்குள் பூட்டிக் கிடக்கும் நம் மலர்கள்

மும்பைத் தமிழ் அமைப்புகள் வெளியிடும் ஆண்டு மலர்களை விமர்சிப்பவர்கள் கட்டுரைகளின் தரத்தைச் சொல்வார்கள். விளம்பரப் பக்கம் கூடிப்போச்சு என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். அச்சான பிறகு அந்த மலரில் இருந்த தமிழ் என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் குடியிருக்கும் கோவண்டியில் ஒரு டி.டி.பி. கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், மலர் எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் அங்கேதான் போவார்கள். மராத்தி, இந்தி, ஆங்கில வேலைகளுக்குப் புதுக் கணினி. தமிழுக்கு மட்டும் மூலையில் ஒரு பழைய பெட்டி. அதில் விண்டோஸ் எக்ஸ்.பி., அதற்குள் பேஜ்மேக்கர். வைரஸுக்குப் பயந்து இணைய இணைப்பே கொடுக்கவில்லை. "அண்ணே, இந்தப் பெட்டி போச்சுன்னா தமிழ் வேலையும் போச்சு" என்பார் அதை இயக்கும் தம்பி.

அவர் மிகைப்படுத்தவில்லை. 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த பேஜ்மேக்கர், 1994-இல் அடோபியின் கைக்கு மாறியது. 2001-இல் வந்த 7-ஆம் பதிப்பே அதன் கடைசிப் பெரிய பதிப்பு. 2004-இல் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் அமைப்பு. 16 பிட் காலத்து நிரல்கள் எதுவும் அதில் ஓடா. புதுக் கணினிக்குள் பொய்நிகர் கணினி ஒன்றை உண்டாக்கி, அதில் எக்ஸ்.பி.யை ஏற்றி, அதற்குள் பேஜ்மேக்கரை ஓட்டுவது ஒரு வழி. புது ஃபிளாட்டின் ஹாலுக்குள் பழைய சால் வீட்டை அப்படியே கட்டி வைப்பது போலத்தான். ஆனாலும் ஓடும்.

பழைய மென்பொருளை வைத்திருப்பதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தட்டச்சுப் பலகையில் பழகிய விரல், பேஜ்மேக்கரில் ஒரு நாளில் முடிக்கும் வேலையைப் புது மென்பொருளில் ஒரு வாரம் இழுக்கும். கூலி பக்கக் கணக்கு; அந்த ஒரு வாரத்தை யார் கொடுப்பது? மேலும், பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழை நெடுநாள் அலைக்கழித்தன. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறும். இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு 2012-இல் சி.எஸ்.6 பதிப்போடுதான் வந்தது. அதுவரை பேஜ்மேக்கரை விடாதவர்கள் செய்தது சரியே. அதற்குப் பிறகும் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஏற்பாக இல்லை.

உண்மையான சிக்கல் மென்பொருளின் வயதிலும் இல்லை, குறியாக்கத்தில் இருக்கிறது. பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துருக்களைக் கொண்டு அதை ஏமாற்றினோம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, கோப்புக்குள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். கணினியைப் பொறுத்தவரை நாம் தமிழே அடிக்கவில்லை. எழுத்துருவை எடுத்துவிட்டால் அத்தனை பக்கமும் குப்பை. அதே கோப்பிலிருந்து பி.டி.எஃப். எடுத்து இணையத்தில் போட்டாலும், அதில் 'தாராவி' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

இதனால் என்ன நஷ்டம்? ஒன்றைச் சொல்கிறேன். டிராம்பேயை ஒட்டியிருந்த ஜனதா காலனியை 1976-இல், அவசர நிலைக் காலத்தில், அணுசக்தித் துறைக்காக இடித்தார்கள். அங்கிருந்த மக்களைச் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களில் தமிழர் பலர். அந்த இடிப்பைக் கண்ணால் கண்ட ஒருவரின் கட்டுரையைப் பழைய மலர் ஒன்றில் படித்தேன். எந்த லாரியில் எந்தத் தெரு ஏறியது, பள்ளிக்கூடம் எப்படி மறுபடி தொடங்கியது என்று எழுதியிருந்தார். ஆய்வறிக்கைகளில் இப்படி ஒரு குரல் அபூர்வம். பக்கத்தில் தேவனாரிலேயே டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்யும் நம் வீட்டுப் பெண் கைப்பேசியில் தேடினால் ஆங்கில அறிக்கைகள் வரும். இந்தக் கட்டுரை வராது. அவள் தேடவில்லை என்று நாம் குறை சொல்வது நியாயமா?

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அந்நாளைய திஸ்கி குறியாக்கத்தில் நூல்களை ஏற்றினார்கள். ஒருங்குறி பரவியதும் எல்லாவற்றையும் மாற்றி வெளியிட்டார்கள். அதனால் அவை இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. நம் மலர்க் குழுக்களோ அச்சகத்துக்குத் தரும் ஆர்டரில் தாளின் கனம், அட்டையின் பளபளப்பு, பிரதிகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதுவோம்; 'ஒருங்குறியில் மூலப் பிரதி தரவேண்டும்' என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. இதில் டி.டி.பி. தம்பியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார்.

வழி இல்லாமல் இல்லை. பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைன் சி.எஸ்.6 வரை திறக்கும். பின்னால் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் 2015-இலிருந்து ஓரளவு திறக்கிறது. உள்ளிருக்கும் எழுத்தை எடுத்து என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்தால் ஒருங்குறியாகிவிடும். ஆனால் பார்த்துச் செய்யணும். பழைய எழுத்துருக்கள் 'கெ' என்பதில் கொம்பை முன்னால் வைத்துச் சேமிக்கின்றன. ஒருங்குறியில் மெய் முதலில் வரவேண்டும். வரி உடைந்த இடத்தில் இது தடுமாறும். இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழ் என்றே நினைத்து உளறலாக்கிவிடும். அச்சான மலரைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட ஆள் வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படித்து ஓய்வுபெற்றவர்கள் நம் பகுதியிலேயே உண்டு. பிழை திருத்த அவர்களைவிடத் தகுதியானவர்களை நான் அறியேன். எந்த மலருக்கு எந்த எழுத்துரு என்ற விவரத்தை மட்டும் இப்போதே கடையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருக் கோப்பையும் கையோடு பென் டிரைவில் வாங்கிவிடுங்கள்.