ஜாரா மேசையும் சிலீப்பர் கட்டையும்

பழைய ரயில் சிலீப்பர் கட்டைகளையும் பிரித்த பாலங்களின் உத்தரங்களையும் இழைத்துச் செய்யும் ஜாரா மர மேசைகளுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் நல்ல கிராக்கி. ஆணி இறங்கிய ஓட்டைகளைக்கூட அழகென்று விட்டுவைக்கிறார்கள். அந்த மேசையைக் காட்டியே ஒரு வாதமும் எழுகிறது: இத்தனை காலம் மண்ணில் கிடந்தும் கெடாத மரம் இது, இதை அறுத்துப் பிழைத்த தொழிலைக் குறை சொல்லலாமா? இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை 2024 ஜனவரி 1 முதல் மாநில அரசு நிறுத்தியது தவறல்லவா? மரத்தின் தரத்தில் எனக்கு மறுப்பில்லை. யூகலிப்டஸ் என்றதும் நமக்குக் காகித ஆலைக்குப் போகும் தைலமரம்தான் நினைவுக்கு வரும். ஜாரா அதே பேரினம், ஆனால் வேறு இனம். உலர்ந்த பிறகும் கனமீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். தேக்கு 650 கிலோ அளவில்தான். செம்பழுப்பு வைரம், கறையானுக்கு எளிதில் இடங்கொடாது, நன்றாக மெருகேறும். உளியை மழுக்கும், பிசின் கோடு ஓடும், அவசரமாக உலர்த்தினால் வெடிக்கும் என்பதெல்லாம் தச்சர்கள் சமாளிக்கக்கூடிய தொல்லைகள்.

இப்படிப்பட்ட மரத்தை எதற்குச் செலவழித்தார்கள் என்பதுதான் என் வழக்கு. மண்ணைத் தாங்கும் என்று தெரிந்ததும் மண்ணிலேயே புதைத்தார்கள். சிலீப்பர், துறைமுகத் தூண், வேலிக்கால். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் தெருக்களில் பாவுகட்டை. இந்திய ரயில் பாதைகளுக்கும் கப்பலேறியது. அது தாங்கும் காலமோ அளவுக்குட்பட்டது. ஆஸ்திரேலியத் தரநிர்ணயம் மண்ணில் நிற்கும் ஜாரா வைரத்தை இரண்டாம் வகுப்பில்தான் வைக்கிறது: 15 முதல் 25 ஆண்டு. ஜாரா வளரும் டார்லிங் மலைத்தொடரின் சத்தற்ற சரளை மண்ணில் அந்த மரம் அறுப்புக்கேற்ற பருமனை எட்ட நூறாண்டுக்கு மேல் பிடிக்கும். நூறாண்டு வளர்ந்ததை இருபதாண்டுச் சுமைக்குக் கொடுத்துவிட்டு அதைச் சிறந்த பயன்பாடு என்று எப்படிச் சொல்வது? மேசையான கட்டை நெடுங்காலம் நின்றதே என்பார்கள். நின்ற கட்டைதான் மேசைக்கு வரும். மக்கிய கட்டைகளை எண்ணிவைத்தவர் யார்? மண்ணில் புதைத்தது போதாதென்று, 1948இல் தொடங்கிய மேற்கு ஆஸ்திரேலியாவின் வுண்டோவி ஆலையில் ஜாராவைக் கரியாக்கி இரும்பு உருக்கினார்கள். கழிவு மரம்தானே எரிந்தது என்று அதற்கும் ஒரு பதில் உண்டு. நீளமும் சதுரமும் சரியாக வராததையெல்லாம் கழிவென்று தள்ளியது சிலீப்பர் கணக்குத்தான். சிறு பெட்டியும் நாற்காலியும் செய்பவர் அப்படித் தள்ளியிருக்க மாட்டார்.

மரம் வீணாகிறது என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை என்ற சமாதானமும் செல்லாது. 1916 முதல் மாநில வனக் காப்பாளராக இருந்த லேன் பூல், 1918 வனச் சட்டத்துக்குப் பின்னின்று உழைத்தவர். பெரிய மரக் கம்பெனி ஒன்றின் குத்தகையை அரசு நீட்டிக்க முனைந்ததை எதிர்த்து 1921இல் பதவியையே விட்டார். தெரிந்தேதான் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி வளர்கிறதே என்பது அடுத்த வாதம். வளரத்தான் செய்கிறது. இளமரத்தில் வைரம் குறைவு, வெளிறு அதிகம். எந்த மரத்தின் வெளிறும் மண்ணில் நிலைத்து நிற்காது. அதனால் பழைய ஜாராவின் பெயரைச் சொல்லி இளமரத்தை விற்பது முறையல்ல. பைட்டோப்தொரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமி வேறு, சாலைக்கு அடித்த சரளையோடும் வண்டிச் சக்கரச் சேற்றோடும் பரவி, பல இடங்களில் காட்டைக் கூட்டமாகச் சாய்த்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகு வந்த தடையில் எனக்குள்ள குறை ஒன்றுதான்: அது அரைத்தடை. 1963 முதல் ஜாரா காட்டில் பாக்சைட் தோண்டுகிறார்கள். சுரங்கத்துக்காகக் காட்டைத் திருத்துவதற்கு 2024ஆம் ஆண்டுத் தடை பொருந்தாது. தடை கூடாது என்று மேசையைக் காட்டி வாதிடுவோர், முதலில் அந்தச் சுரங்க நிலத்தில் சாயும் மரத்துக்காகக் குரல் கொடுக்கட்டும்.