பாசறைக் கடிதத்தில் மகிழுந்து: முல்லைத்திணை நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க வீரர்கள் போர்க்கப்பல்களிலிருந்தும் கடல்கடந்த களங்களிலிருந்தும் வீட்டிற்கு எழுதிய கடிதங்கள் பெரிதும் வரலாற்றுச் சான்றுகளாகவே அணுகப்படுகின்றன. களச்செய்தி மிகுந்த பகுதிகள் கவனம் பெற, விடுப்பில் வருவதையும் பழைய மகிழுந்து ஒன்றை வாங்குவதையும் பற்றிய பகுதிகள் சொந்தச் செய்தியென எளிதில் கடந்துசெல்லப்படுகின்றன. அப்பகுதிகளே கடிதத்தின் உயிர்நிலை என்பதையும், அவற்றை உணர முல்லைத்திணை எந்த அளவிற்குத் துணைசெய்யும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தணிக்கையும் எதிர்காலமும்

படைவீரரின் கடிதத்தை அவருடைய பிரிவின் அதிகாரி படித்த பின்னரே அஞ்சலில் சேர்ப்பர். இருக்கும் இடம், படைநகர்வு, கப்பல் புறப்படும் நாள் ஆகியவற்றை எழுதுதல் கூடாது. எனவே மகன் எப்போது வருவான் என்னும் தாயின் வினாவிற்கு விடையளிக்க வழியில்லை. இந்நிலையில், 'அந்த வண்டியின் சக்கரங்களைப் பார்த்து வையுங்கள்' என்னும் பொருள்படத் தந்தைக்கு எழுதுவது வணிகச் செய்தி மட்டுமன்று. 'நான் வருவேன்' என்பதைத் தணிக்கை அனுமதிக்கும் மொழியில் கூறுவதாகும்.

அவ்விருப்பம் எளிதில் நிறைவேறக்கூடியதும் அன்று. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான மகிழுந்து உற்பத்தி நிறுத்தப்பட்டது; 1945 சூலையில்தான் மீண்டும் தொடங்கியது. 1942 டிசம்பரில் பெட்ரோல் பங்கீடு நாடு முழுவதற்கும் விரிந்தது. கடைநிலை வீரரின் அடிப்படை மாதச் சம்பளம் 50 டாலர். சப்பானின் படையெடுப்பால் தென்கிழக்காசிய இரப்பர் வரத்து அறுபட்டமையால் டயர்களும் பங்கீட்டுக்கு உட்பட்டன. மலாயாத் தோட்டங்களில் அந்த இரப்பர்ப் பாலை எடுத்தோருள் தமிழர் பெருந்தொகையினர் என்பதை நோக்க, கடிதத்தில் வரும் டயர் பற்றிய ஒரு வரி நம் வரலாற்றிற்கும் அயலானதன்று.

தேரும் மகிழுந்தும்

முல்லைப் பாடல்களில் வினைமுற்றி மீளும் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் கூறுவான். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் தலைவியின் பொருட்டு முதுபெண்டிர் விரிச்சி கேட்கின்றனர். பாசறையில் தலைவன் புண்பட்ட யானைகளையும் வீழ்ந்த வீரரையும் எண்ணி உறக்கமின்றி இருக்கின்றான். இறுதியில் அவன் தேர்க்குதிரைகளின் ஒலி அவள் செவியை நிறைக்கிறது. பிரிந்தோன் வரவை ஊர்தியே அறிவிப்பது இரண்டிற்கும் பொது. இவ்வொப்புமையோடு நின்று, அன்றும் இன்றும் உணர்வு ஒன்றே என முடிப்பது எளிது. ஆனால் அம்முடிவு கடிதத்தின் துயரை மறைத்துவிடும்.

முல்லையில் வினை முடிந்த பின்னரே தேர் புறப்படுகிறது. தலைவனின் மீட்சி முழுமையானது. விடுப்போ போரின் முடிவன்று, ஓர் இடைவெளி. வீரன் சில நாள் வீட்டிலிருந்து மீண்டும் களம் செல்வான். தேர் தலைவனிடம் ஏற்கெனவே உள்ளது. மகிழுந்தோ வீரனிடம் இல்லை. தேர் அவனைக் கொண்டுவருகிறது. மகிழுந்து அவன் சென்ற பின்னும் வீட்டு வாயிலில் நிற்கப்போவது. 'நான் மீண்டும் வந்து ஓட்டுவேன்' என்பதற்கு அதுவே அடையாளம். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் கேட்ட நற்சொல் தலைவியை ஆற்றுவிக்க முயல்கிறது. இங்கு அந்நற்சொல்லை வீரன் தானே படைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விலை, டயர், பெட்ரோல் என அவன் கணக்கிடக் கணக்கிட, கணக்கிட இயலாத ஒன்று, அதாவது உயிரோடு மீள்வது, பேசப்படாமலே நிற்கிறது.

முடிவுரை

'இருத்தல்' முல்லையின் உரிப்பொருள். ஆற்றியிருப்பவள் தலைவி. இக்கடிதங்களிலோ ஆற்றியிருக்க முயல்பவன் பாசறையில் உள்ளவனும் ஆவான். அம்முயற்சிக்கு அவன் பற்றிய கொழுகொம்பே மகிழுந்து. ஆகவே போர்க்காலக் கடிதங்களைத் தொகுப்போரும் மொழிபெயர்ப்போரும் இத்தகைய வரிகளைச் சிறுசெய்தி என நீக்குதல் தகாது. அவற்றை நீக்கினால் எஞ்சுவது போர் மட்டுமே. அதிலிருந்து மீள விரும்பிய மனிதன் எஞ்சான்.