தேத்தண்ணியின் ஏடு

தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அந்தத் தேயிலையின் சாயத்தைக் கடின நீரில் ஊற்றி ஆறவிடுங்கள். மேலே பழுப்பு ஏடு படரும். கரண்டி பட்டதும் துண்டு துண்டாய் விலகும். தேயிலைச் சாற்றோடு நீரின் கல்சியமும் காற்றின் ஒட்சிசனும் கூடிச் செய்யும் வேலை. தேசிக்காய் பிழிந்தால் ஏடு குறையும். திரவத்துக்கு மேற்பரப்பு தனி உலகம்தான்.

அதன் முதல் சில நனோமீற்றரை எக்ஸ் கதிரால் படிக்கலாம். கதிர் பட்டுத் தெறிக்கும் இலத்திரனின் சக்தி, அது எந்த அணுவிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும். ஆனால் அதற்கு வெற்றிடம் வேண்டும். தேத்தண்ணி அங்கே கொதித்தே போய்விடும். அறைவெப்பத்திலும் திரவமாய்க் கிடக்கும் அயன் உப்புகளோ ஆவியாவது அரிது. 2005இல் நாட்டிங்ஹாமில் பீட்டர் லைசன்ஸ் குழு அவற்றை அப்படியே உள்ளே வைத்து அளந்தது. பின்வந்த அளவீடுகள் காட்டிய ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது: அயன்களின் மின்னேற்றப் பகுதிகள் கீழே தங்க, அவற்றின் காபன் வால்கள் வெளியே நீட்டி நிற்கின்றன. வால் நீள நீள, மேற்பரப்பில் காபனும் கூடுகிறது.