அன்னிக் கோட்டை: வாசலுக்கு அவசரம் வேண்டாம்

இங்கிலாந்தின் வடக்கே, ஸ்காட்லாந்து எல்லைக்குச் சற்றுத் தெற்கே, நார்தம்பர்லாந்தில் இருக்கிறது அன்னிக் கோட்டை. ஹாரி பாட்டர் முதல் படத்தில் பிள்ளைகள் துடைப்பத்தில் பறக்கப் பழகும் முற்றம் இங்கேதான். அதனால் கோடையில் வாசலில் கூட்டம் மொய்க்கும். குளிர்காலத்திலோ கோட்டையே மூடிவிடும்.

வாசலை விட்டுவிட்டு முதலில் ஆல்ன் ஆற்றின் சிங்கப் பாலத்துக்கு நடங்கள். அங்கே நிற்கும் சிங்கத்தின் வால் உலக்கைபோல விறைத்து நீண்டிருக்கும். அது பெர்சி குடும்பத்தின் சின்னம். 1309இல் கோட்டையை விலைக்கு வாங்கிய அந்தக் குடும்பம் இன்னும் இங்கேதான் குடியிருக்கிறது.

பாலத்திலிருந்து பார்த்தால் புல்சரிவு, நெளியும் ஆறு, ஆங்காங்கே மரத்திட்டுகள், மேலே கோட்டை. இயற்கை தந்தது என்றுதான் தோன்றும். ஆனால் 18ஆம் நூற்றாண்டில், இதே நார்தம்பர்லாந்தில் பிறந்த நிலக்காட்சி வடிவமைப்பாளர் 'கேபபிலிட்டி' பிரவுன் திட்டமிட்டு உருவாக்கிய நிலம் இது. அவரிடம் பூப்பாத்திகளைத் தேடினால் ஏமாற்றம்தான். ஆற்றோரப் பாதையில் நடந்தபடி, மரங்கள் எங்கே கோட்டையை மறைக்கின்றன, எங்கே விலகிக் காட்டுகின்றன என்று கவனியுங்கள். ஒரு மணி நேரமாவது இதற்கு ஒதுக்கலாம்.

இனி வாசலுக்கு வரலாம். 1174இல் ஸ்காட்லாந்து மன்னர் வில்லியம் சிறைபிடிக்கப்பட்ட ஊர் இது. மதில் மேல் கல்வீரர்களைக் கண்டதும் அந்தக் காலத்துக் காவலர்கள் என்று நினைப்போம். பெரும்பாலானவை எல்லைச் சண்டையெல்லாம் ஓய்ந்தபின், 18ஆம் நூற்றாண்டில், அழகுக்காக ஏற்றியவை. அலங்காரம் என்று தெரிந்து பார்த்தால் அவர்களின் வீராப்பு இன்னும் வேடிக்கையாக இருக்கும்.

உள்ளே வேறு உலகம். முரட்டுக் கல்சுவருக்குப் பின்னால் தங்கப்பூச்சு விதானங்கள், பட்டு ஒட்டிய சுவர்கள். ரோம் நகர மாளிகைகளில் மனம் பறிகொடுத்த, பெர்சி குடும்பத்தின் 4ஆம் டியூக் 1850களில் தொடங்கிய வேலை. என் கண்ணுக்குக் கொஞ்சம் திகட்டுகிறது. நூலகத்தில் மட்டும் நிதானமாக நில்லுங்கள்.

பக்கத்திலுள்ள அன்னிக் தோட்டத்துக்குத் தனி டிக்கெட். அதன் விஷத் தோட்டத்துக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். நம் வேலியோர ஆமணக்கு அங்கே பூட்டிய இரும்புக் கதவுக்குள் வளர்கிறது!

கோட்டைக்குள் பார்த்த அந்த இத்தாலிய அலங்காரத்துக்கு இடம்விட்டு மறைந்தது, அதற்கு முன் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் செய்திருந்த கோதிக் வேலைப்பாடு. அவர் கைவண்ணத்தைப் பார்க்க கோட்டை எஸ்டேட்டின் ஹல்ன் பார்க்குக்குள் போய், குன்றின் மேலுள்ள பிரிஸ்லி கோபுரம் வரை ஏற வேண்டும். 1781இல் கட்டியது. நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.