நெற்றியிலே இட்ட சூடு

முந்திரித் தோப்புகளின் நடுவே இருக்கிறது முத்தாண்டிக்குப்பம். நெய்வேலி அதற்கு அண்டை வீடு. அங்கே மண்ணைக் கிழித்துப் பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள்; கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்; அந்த மின்சாரம் ஊட்டிய கைப்பேசித் திரையைச் சூழ்ந்தமர்ந்து, குப்பத்து இளைஞர் சிலர் ஜப்பானியச் சித்திரப் படங்களைக் கண்டு களிக்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளியின் மகனும் உண்டு அக்கூட்டத்திலே, ஒப்பந்தத் தொழிலாளியின் மகனும் உண்டு, முந்திரிக்கொட்டை உடைக்கும் தாயின் மகனும் உண்டு.

“பொம்மைப் படம் பார்த்துப் பொழுதைப் போக்குகிறான்” என்று பெரியவர்கள் புலம்புகின்றனர். நாம் அந்தப் புலம்பலிலே கலந்துகொள்ள மாட்டோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டு வந்தபோது, அதைப் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்த தலைமுறைக்கு இன்று புத்தி சொல்லும் உரிமை ஏது! ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ என்னும் படம் 2025 செப்டம்பர் 12 அன்று தமிழ்க் குரலோடும் நம் திரையரங்குகளுக்கு வந்துவிட்ட பிறகு, அனிமே என்பதையும் அதற்கு மூலமான மங்கா என்னும் சித்திரக்கதை ஏடுகளையும் அயலார் சரக்கு என்று ஒதுக்குவது அறியாமை.

நாம் பேச விரும்புவது வேறொன்று. “நருட்டோ முடித்துவிட்டேன், அதைப்போல வேறு எது?” என்று ஒருவன் கேட்கிறான். “அதிலே ஒன்பது வால் நரி, இதிலே வேறொரு பூதம், அதிலே தேர்வுப் போட்டி, இதிலேயும் உண்டு, சண்டை இதிலே இன்னும் பிரமாதம்!” என்று மற்றவன் விடை பகர்கிறான். கதையைக் கதையோடு ஒப்பிட இதுதானா அளவுகோல்? குத்துச் சண்டையை எண்ணித்தான் கதையை நிறுக்க வேண்டுமா? நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். கதைத்தலைவனுக்கு வலிமை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! ஒன்றுபோலத் தோன்றும் கதைகள் ஒன்றை ஒன்று மறுத்துக்கொண்டு நிற்பதைக் காண்பீர்கள்.

முதலிலே நருட்டோ. மசாஷி கிஷிமோட்டோ வார ஏடு ஒன்றிலே 1999 முதல் 2014 வரை தீட்டிய கதை. 700 அத்தியாயம், 72 தொகுதி. ஊரார் வெறுத்து ஒதுக்கிய அநாதைச் சிறுவன், தேர்விலே தொடர்ந்து தோற்றவன், ஊர்த்தலைவனாகியே தீருவேன் என்று சூளுரைக்கிறான். அவனுக்கு எதிரே நெஜி என்றொருவனை ஆசிரியர் நிறுத்துகிறார் பாருங்கள், அங்கேதான் கதை நம் நெஞ்சைத் தொடுகிறது.

நெஜி பிறந்த ஹ்யூகா குடியிலே தலைவீடு, கிளைவீடு என இரு பிரிவு. கிளைவீட்டுக் குழந்தையின் நெற்றியிலே குறி ஒன்று பொறிப்பர். தலைவீட்டார் கைவிரலால் ஒரு முத்திரை காட்டினாலே போதும், கிளைவீட்டான் தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலே துடிப்பான்! தலைவீடு வாழக் கிளைவீடு சாக வேண்டும் என்பது குடிமரபு. நெஜியின் தந்தையும் தலைவீட்டுத் தலைவரும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே கரு, ஒரே வயிறு, ஒரே நாள். முன்னே வந்தவர் ஆண்டான், பின்னே வந்தவர் அடிமை! அண்ணனுக்காகத் தம்பி பிணமாகவும் நேர்ந்தது. அந்தத் தம்பியின் மகன், “விதி பிறப்பிலேயே எழுதப்பட்டது, அதை மாற்ற ஒருவராலும் ஆகாது” என்று வாதிடுகிறான். அடிமைப்பட்டவன் வாயாலேயே அடிமைத்தனத்துக்கு நியாயம் பேசவைக்கும் கொடுமையை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சிறுவர் கதை வேறொன்று உடனே நம் நினைவுக்கு வரவில்லை. தேர்விலே தோற்ற சிறுவன் அவனைக் களத்திலே வீழ்த்துகிறான். ‘நான் தலைவனானதும் இதை மாற்றுவேன்’ என்று வாக்கும் தருகிறான்.

கைதட்டினோம். தட்டிய கை ஓயுமுன்னே ஆசிரியர் நம்மை ஏமாற்றிவிட்டார்! அநாதை என்றாரே, அவன் ஊரின் நான்காம் தலைவனுடைய மகனாம். தாயும் பேராற்றல் படைத்த குடியிலே பிறந்தவளாம். அத்துடன் நிற்கவில்லை, ஆதி முனிவன் ஒருவனுடைய மகன் அசுரனின் மறுபிறவியாம்! உழைத்து உயர்ந்தான் என்று எண்ணியிருந்தோம். ‘உயர்ந்த இடத்துப் பிள்ளை, உயர்ந்தான்’ என்று முடித்துவிட்டார். உண்மையாகவே குலமும் மறுபிறவியும் இன்றி உடற்பயிற்சி ஒன்றாலேயே வளர்ந்த ராக் லீ கதையின் ஓரத்துக்குப் போய்விட்டான். நெஜியோ, தலைவீட்டு மகளையும் நருட்டோவையும் காக்கக் குறுக்கே பாய்ந்து போர்க்களத்திலே மாள்கிறான். நெற்றிக் குறி அவன் செத்த பிறகே மறைகிறது. நருட்டோ தலைவனாகிறான். அந்தக் குறியை ஒழித்த காட்சியைக் கதை முழுவதும் தேடினோம், கிடைக்கவில்லை.

கிஷிமோட்டோவை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. வாசகர் வாக்கை வாரந்தோறும் எண்ணும் ஏட்டிலே எழுதுவோர்க்கு ஒரு நெருக்கடி உண்டு. இன்று வென்ற பகைவனைவிட நாளை வருபவன் வலியவனாக வேண்டும். அவனை வெல்லத் தலைவனுக்குப் புது ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலுக்குக் காரணம் சொல்ல மிக எளிய வழி பரம்பரை! பயிற்சியைக் காட்டப் பத்து அத்தியாயம் தேவை. பாட்டன் பெயரைச் சொல்ல ஒரு பக்கம் போதும். நம் திரைப்படங்களிலே எஜமான் வீட்டு வாரிசு வேலைக்காரனாக வளர்ந்து கடைசிக் காட்சியில் தாயத்தால் அடையாளம் காணப்படுவதும் இதே சோம்பல்தான்.

இதற்குப் பக்கத்திலே ‘டீமன் ஸ்லேயர்’ கதையை வையுங்கள். கொயோஹாரு கொத்தோகே 2016 முதல் 2020 வரை தீட்டியது, 23 தொகுதிகளோடு முடிந்துவிட்டது. நீட்டாமல் நிறுத்தத் தெரிந்ததற்கே நாம் ஒரு வணக்கம் சொல்வோம். கதைத்தலைவன் தன்ஜிரோ கரி விற்பவனின் மகன். நெய்வேலிப் பிள்ளைகளுக்கு அவனை அறிமுகப்படுத்தவா வேண்டும்! இங்கேயும் இரட்டையர் உண்டு. தம்பி நெற்றியிலே தழும்போடு பிறக்கிறான். அபசகுனம் என்று தந்தை கொல்லத் துணிகிறான், தாய் தடுக்கிறாள். அண்ணன் வாரிசாக வளர்கிறான், தம்பி சிற்றறையிலே ஒதுக்கப்படுகிறான். ஆனால் வாள்வித்தை ஒதுக்கப்பட்டவனிடம் இருந்தது. அதைக் கண்டு பொறாத வாரிசு அரக்கனாகவே மாறிப்போகிறான். கதையை இன்னும் முழுதாக அறியாதோர் நம்மைப் பொறுத்தருள்க. திரைக்கு வரும் முன்னே சொல்லிவிட்டோம்.

அந்தத் தம்பியின் வித்தை என்ன ஆயிற்று? வாளேந்திய குடிகளிடம் அது அழிந்துவிட்டது. கரி விற்கும் ஏழைக் குடும்பத்திலே, ஆண்டுதோறும் ஆடும் தீ ஆட்டமாக, தந்தையிடமிருந்து மகன் பார்த்துப் பழகிப் பழகிப் பிழைத்திருந்தது. இது குருதியிலே வந்ததன்று. அவர்களுக்கும் அந்த வீரனுக்கும் உறவே இல்லை, நட்பு மட்டுமே. தன்ஜிரோவின் நெற்றியிலேயும் தழும்பு உண்டு. அது பிறவிக் குறியா? இல்லை! தம்பியின் மேல் விழவிருந்த தணற்சட்டியைத் தடுத்தபோது பட்ட சூடு. நெஜியின் நெற்றியிலே குடி இட்ட குறி. தன்ஜிரோவின் நெற்றியிலே அன்பு இட்ட சூடு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவனே ‘இதைப்போல அது’ என்று சொல்லத் தகுதி பெறுகிறான்.

‘மை ஹீரோ அகாடெமியா’ (2014–2024) இடைநிலையிலே நிற்கிறது. உலகிலே பத்தில் எட்டுப் பேர் ஏதோ ஒரு விந்தை ஆற்றலோடு பிறக்க, ஆற்றலின்றிப் பிறந்த சிறுவனே தலைவன். தொடக்கம் அருமை. ஆனால் பெரியவர் ஒருவர் மனமிரங்கித் தம் ஆற்றலைக் கொடையாகத் தந்ததும் கதை வேறு பாட்டை பிடித்துவிடுகிறது. பார்க்கலாம், குறையறிந்து பார்க்கலாம்.

இனி எயிச்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’. 1997இல் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. அதிலே விண்நாகர் என்றொரு மேற்குடி வருகிறது. உலகை ஆண்ட பண்டை மன்னர்களின் வழிவந்தோர் என்பது அவர்களின் ஒரே தகுதி. கீழோர் விடும் மூச்சுக்காற்று தம்மீது படக்கூடாது என்று தலையைச் சுற்றிக் குமிழி மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள்! அவர்கள் வரும் தெருவிலே எல்லோரும் மண்டியிட வேண்டும். இரட்டைக் குவளைத் தேநீர்க் கடைகளைக் கண்ட நாட்டிலே இக்காட்சிக்கு விளக்கவுரை தேவையா? மீன்மனிதர் தீவிலே மனிதருக்குக் குருதி தருவது சட்டப்படி குற்றம். கதைத்தலைவன் லூஃபி குருதி வடிந்து கிடக்கையில், மீன்மனிதனான ஜின்பே அச்சட்டத்தை மீறித் தன் குருதியைத் தருகிறான். ஒரு குழாய் வழியாகக் குருதி இறங்கும் அந்த ஒரு சித்திரம், நூறு மேடைப்பேச்சுக்கு ஈடு. லூஃபியும் கடற்படை வீரன் ஒருவனின் பேரன், புரட்சித்தலைவன் ஒருவனின் மகன் என்ற குறையை நாம் மறைக்கவில்லை. எனினும், தந்தை பெயரைச் சொல்லி அவன் ஒரு கதவையும் தட்டுவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு, 1986இலேயே, ஹயாவோ மியாசாகி ‘லபுட்டா’ என்னும் வான்கோட்டைப் படத்தை எடுத்தார். இங்கிலாந்தையொட்டிய வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் 1984–85இல் ஓராண்டு நடத்திய வேலைநிறுத்தத்தை ஒட்டி அங்கே சென்று, அவர்தம் உறுதி கண்டு உருகியவர் அவர். படத்தின் சுரங்க ஊர் அந்த உருக்கத்திலே பிறந்தது. சுரங்கப் பொறியிலே வேலைபார்க்கும் பசூ என்னும் சிறுவன் தலைவன். அவனோடு சேரும் ஷீட்டாவோ அரச குலத்தாள். பரம்பரைக் கதை மீண்டும் வந்துவிட்டதே என்று எழுந்து போய்விடாதீர்கள்! துரத்திவரும் கொடியவன் முஸ்காவும் அதே அரச குலத்தவன். அவன் அந்தக் குருதியைக் காட்டி அரியணை கேட்கிறான். அவளோ, மலைப் பள்ளத்தாக்கிலே நிலம் உழுது வளர்ந்தவள். பரம்பரை தனக்குத் தந்த சொல்லைக் கொண்டே பரம்பரைக் கோட்டையை இடித்து வீழ்த்துகிறாள். சுரங்கத்துச் சிறுவனின் கை அவள் கையைப் பற்றியிருக்கிறது அப்போது.

ஆகவே, முத்தாண்டிக்குப்பத்து நண்பர்கள் நருட்டோவுக்குப் பின் எதைப் பார்ப்பது என்று நம்மைக் கேட்டால், ‘லபுட்டா’வை முதலிலே சொல்வோம், ஓர் இரவிலே முடிந்துவிடும். அடுத்து ‘டீமன் ஸ்லேயர்’. ‘ஒன் பீஸ்’ 1,100 அத்தியாயங்களைக் கடந்துவிட்டது. அதைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக்கு முன்னே தொடவேண்டாம்.